முதல் பக்கத்துக்காரி

தெருவில் அவளை எல்லோரும் முதல் பக்கத்துக்காரி என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவர் அவள் வீட்டுக்குக் கீழே சாவி வெட்டுகிற கடைக்காரர். தேடுபொறியில் அவர் கடை எங்கோ ஆழத்தில் கிடந்தது. அவள் கை வைத்த பிறகு முதல் பக்கத்துக்கு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "மாடியில ஒரு அம்மா இருக்காங்க, முதல் பக்கத்துக்காரி. அவங்க நெனச்சா உங்களையும் தூக்கி விட்டுடுவாங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தப் பட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. முதல் பக்கம் என்பது பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற சாமான் இல்லையே.

அதனால் புதிதாக வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள். "முதல் இடம் கேரண்டின்னு யாராவது சொன்னா, அங்கேயே எழுந்து வந்துடுங்க. எதையெல்லாம் பார்த்து வரிசைப்படுத்துறாங்கன்னு முழுசா வெளியில யாருக்கும் தெரியாது. கொஞ்சம் அவங்களே சொல்லியிருக்காங்க. மீதியை எங்களை மாதிரி ஆளுங்க செஞ்சு பார்த்துக் கத்துக்கிட்டோம். தெரிஞ்சதை ஒழுங்கா செஞ்சா மேல வரலாம். நான் ஒழுங்கா செய்வேன்." கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். பாதிப் பேர் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு முன்னால் அவள் பெரிய பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறவர்களில் ஒருவர்கூட பஸ் தடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. பலகையில் "தெற்கு வட்டப் பாதை" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வந்தவர்களோ, "ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குமே, அந்த பஸ் எங்க வரும்?" என்பார்கள். "எங்க அண்ணன் பொண்ணு காலேஜுக்குப் போற வண்டி" என்பார்கள். கேட்கிறவர் வாயில் வருகிற சொல் வேறு, பலகை எழுதுகிறவர் கையில் வருகிற சொல் வேறு, இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் தன் வேலை என்பது அவளுக்கு அங்கேயே பிடிபட்டுப்போயிற்று. பிறகு கவுன்ட்டரை மூடிவிட்டு அந்த இடத்தில் தொடுதிரை வைத்தார்கள். அவள் வலைத்தளம் செய்கிற ஒரு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தாள். தலைப்பு, சொல், இணைப்பு, வேகம் என்று தொழிலைக் கற்றுக்கொண்டாள். கை திருந்தியதும் வெளியே வந்து, வீட்டின் முன்னறையில் மேஜை போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தாள்.

கீழ்த்தளத்தில் சாவிக்கடைக்கு அடுத்த கதவு அவள் கணவருடைய டிரைவிங் ஸ்கூல். இரண்டு வெள்ளைக் கார்கள். இரண்டிலும் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக். ஆபீஸ் மேஜையில் கணவரின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார். போன் எடுப்பது, யாருக்கு எப்போது கிளாஸ் என்று சொல்வது, வராதவர்களைத் திட்டுவது எல்லாம் நாத்தனார் பொறுப்பு.

கணவருக்கு ஒரு காலத்தில் கூட்டாளி ஒருவர் இருந்தார். லாரி, வேன், பஸ் எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்துப் பெரிதாக வர வேண்டும் என்பது அவர் ஆசை. கணவருக்கோ ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு கார், அதற்கு மேல் வேண்டாம். சண்டை போடாமலே பிரிந்தார்கள். கூட்டாளி நான்கு தெரு தள்ளிப் பெரிய இடமாகப் பிடித்து, வண்டிகளுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்து, மஞ்சள் காரர் ஆனார். அவள் தொழில் ஆரம்பித்த புதிதில், "தங்கச்சி, எனக்கும் ஒரு சைட் பார்த்துக் குடு" என்று அவர் கேட்டார். கணவரிடம் கேட்டாள். "தொழில் வேற, வீடு வேற. செய்" என்று பெரிய மனசோடு சொன்னார். பெரிய மனசு அவருக்கு உண்டுதான். ஆனால் அதையும் அவ்வப்போது தட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒரு மத்தியானம் சாப்பிட மேலே வந்தவர் கையில் போனோடு உட்கார்ந்தார்.

"ஏம்மா, 'டிரைவிங் ஸ்கூல்'னு தேடினா முதல்ல யார் வர்றாங்க தெரியுமா?"

"தெரியும். மஞ்சள் கார்."

"எப்படித் தெரியும்?"

"நான்தானே வர வச்சேன்."

"நாம எங்க வர்றோம்னு தெரியுமா?"

"மூணாம் பக்கம். பல நாள் அங்கேயும் இல்ல."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் கையை நிறுத்தினாள். "நல்லா இருக்கு நியாயம். ஊர்ல உள்ளவங்களை எல்லாம் முன்னாடி உக்கார வச்சிட்டு, வீட்டுக்காரனைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சுல விட்டிருக்கா."

"அண்ணி, அவர் கேட்டார், செஞ்சேன். உங்க தம்பி கேட்கவே இல்லையே."

"அவனை விட நான் நல்லாத்தானே சொல்லித் தர்றேன்?" என்றார் கணவர். "அது தேடுபொறிக்குத் தெரியாதா?"

"உங்க சைட்டைப் பார்த்தா எனக்கே தெரியலைங்க. அதுக்கு எப்படித் தெரியும்?"

கணவருடைய வலைத்தளத்தைச் செய்தவர் அவருடைய நண்பர், போட்டோ ஸ்டுடியோக்காரர். திறந்ததும் ஒரு வெள்ளைக் கார் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். நடுவில் நின்று ஹாரன் அடிக்கும். பிறகுதான் மற்றதெல்லாம் வரும். அவள் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டுத் தன் போனில் அதைத் திறந்தாள். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி ஒன்று போனில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டாள்.

ஹாரன் அடித்தது. "படம்" என்றது போன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. "படம்" என்றது. "பெயரில்லாத படம். பெயரில்லாத படம். இணைப்பு."

"என்ன இது, திக்குதா?" என்றாள் நாத்தனார்.

"படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை அண்ணி. விலாசம், கிளாஸ் விவரம், இவர் எப்படிச் சொல்லித் தருவார்ங்கறது எல்லாத்தையும் படத்துக்குள்ள எழுதி வச்சிருக்காங்க. தேடுபொறி படத்தைப் பார்த்துக் கொஞ்சம் புரிஞ்சிக்கும், ஆனா அதை நம்பித் தொழில் பண்ண முடியாது. எழுத்து எழுத்தா இருக்கணும். அப்புறம், இந்தக் கார் ஓடி முடிக்கறதுக்குள்ள பாதிப் பேர் மூடிட்டுப் போயிடுறாங்க. போன்ல திறந்தா பக்கம் பாதி வெளியில தொங்குது. தலைப்புல என்ன இருக்குன்னு பாருங்க. 'முகப்பு'. வெறும் முகப்பு. ஊர்ல எல்லா வீட்டுக்கும்தான் முகப்பு இருக்கு."

கணவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேன். கார் ஓடி வர்றதுதான் சைட்டுக்கே அழகுன்னீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நீயே எடுத்துச் செய். காரையும் நிறுத்திடு."

"செய்யறேன். ஆனா முதல்ல மஞ்சள் காரரைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துடறேன். அவர் வேலையும் என் கையில இருக்கு. மறைச்சுச் செய்யற பழக்கம் எனக்கு இல்ல."

மஞ்சள் காரருடைய ஆபீஸில் கண்ணாடிக் கதவு, வரிசையாக நாற்காலிகள், சுவர் முழுக்க சாலைக் குறியீடுகள். அவர் கறுப்புக் கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்திருப்பார். கண்ணுக்குப் போட்டு யாரும் பார்த்ததில்லை. அவள் விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"வீட்டுக்காரருக்குச் செய்யாம இருக்க முடியுமா, செய். எனக்கு மட்டும் ஒண்ணு செஞ்சு குடு. யாராவது அவர் ஸ்கூல் பேரைப் போட்டுத் தேடினாலும் என் பக்கம்தான் மேல வரணும். என் சைட்ல அங்கங்க அவர் பேரைத் தூவி விடு. வர்றவனுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"தெரியும் அண்ணா. ஒருத்தர் பேரைச் சொல்லித் தேடுறவங்க அவரைத்தான் தேடுறாங்க. உங்க பக்கத்துக்கு வந்து, 'இது இல்லையே'ன்னு உடனே திரும்பிப் போவாங்க. அப்படிப் போறவங்களால உங்களுக்கு என்ன ஆகப்போகுது? அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதை யாருக்கு எதிரா கேட்டிருந்தாலும் நான் செய்ய மாட்டேன்."

"அப்போ நான் வேற ஆளைப் பார்க்கணும்."

"பாருங்க அண்ணா. பாஸ்வேர்டு எல்லாத்தையும் இப்பவே உங்க பேருக்கு மாத்திக் கொடுத்துட்டுப் போறேன்."

அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தாள். எழுந்தபோது சொன்னாள்: "எல்லாம் சரியா இருக்கு. புது ஆளுங்க அவசரப்பட்டு எதையும் நோண்டாம இருந்தாலே நல்லா நிக்கும்." படியிறங்கும்போது ஒரு நல்ல வேலை கையை விட்டுப் போகிறதே என்று கொஞ்சம் உறுத்தியது. தெருமுனை திரும்புவதற்குள் கணவருடைய தளத்துக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்ற யோசனை வந்துவிட்டது.

வேலையில் இறங்கியபோதுதான் ஒரு பழைய சிக்கல் தெரிந்தது. கணவரும் மஞ்சள் காரரும் ஒன்றாக இருந்த காலத்து விலாசமும் போன் நம்பரும் இணையத்தில் பல இடங்களில் அப்படியே கிடந்தன. ஒரு இடத்தில் கணவர் பெயருக்கு மஞ்சள் காரருடைய நம்பர். இன்னொரு இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கதவு எண். இவர்கள் இரண்டு பேரா, ஒருவரேயா என்று தேடுபொறிக்கே குழப்பம். அவள் ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிடித்துத் திருத்தினாள். ஓடுகிற காரை நிறுத்தினாள். ஹாரனை எடுத்தாள். படத்துக்குள் சிறைபட்டிருந்த எழுத்தையெல்லாம் வெளியே கொண்டுவந்தாள். பக்கம் தொட்டதும் திறந்தது. மூன்றாம் பக்கத்திலிருந்த ஸ்கூல் மெல்ல இரண்டாம் பக்கத்துக்கு ஏறியது. பக்கத்துத் தெருக்களிலிருந்து தேடுகிறவர்களுக்கு, தேடுபொறி காட்டுகிற ஊர் வரைபடத்தில் இன்னும் மேலேயே தெரிந்தது.

கணவர் நாளுக்கு நாலு தடவை தேடிப் பார்த்தார். "நீங்களே தேடித் தேடிப் பார்த்தா உங்களுக்கு மேல வர்ற மாதிரி தெரியும். அதை நம்பாதீங்க" என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு காலையில் ஸ்கூல் வரைபடத்திலிருந்து காணாமல் போயிற்று. பெயர், போட்டோ, வந்தவர்கள் எழுதிய கருத்துகள், எதுவுமே இல்லை. வரைபடத்துக்கான கணக்கைத் திறந்தால், விதி மீறியதாக நிறுத்தி வைத்திருப்பதாக ஒரு வரி மட்டும் இருந்தது. காரணம் என்னவென்று அவள் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரே வாரத்தில் கூட்டம் கூட்டமாகப் புதுக் கருத்துகள் வந்திருந்தன. எல்லாவற்றிலும் அஞ்சு நட்சத்திரம். எல்லாவற்றிலும் "மிக மிக அருமை". யாரோ ஒரு ஆண் பெயரில் இருந்த கருத்து இப்படி இருந்தது: "என் தம்பி மாதிரிப் பொறுமைசாலி இந்த உலகத்திலேயே கிடையாது."

அவள் கீழே இறங்கிப் போனாள். நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணி, இது யார் எழுதினது?"

"சித்தப்பா பையன் போன்ல எழுதினேன். மத்ததெல்லாம் நம்ம சொந்தக்காரங்க போன். நீதானே சொன்னே, நாலு பேர் நல்லதா எழுதினா மேல வரும்னு?"

"நாலு பேர் எழுதணும்னுதான் சொன்னேன். நீங்க ஒருத்தரே நாலு பேரா மாறிட்டீங்களே."

நாத்தனார் எழுந்துவிட்டாள். "தம்பிக்கு நல்லது செய்யப் போய் அவன் கடையை நானே மூடிட்டேனா?"

"மூடலை அண்ணி. கதவைச் சாத்தி வச்சிருக்காங்க, தட்டினா திறப்பாங்க. முதல்ல நீங்க எழுதினதை எல்லாம் எடுத்துடலாம். நடந்ததை மறைக்காம எழுதி அனுப்பறேன். போர்டு, வண்டி, கிளாஸ் நடக்கறது எல்லாத்தையும் போட்டோ எடுத்துச் சேர்க்கறேன். இருக்கிற ஸ்கூல்தானே, நிரூபிக்க முடியாதா?"

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பொறுமைசாலின்னு எழுதினது பொய் இல்ல."

"அது மட்டும் உண்மை அண்ணி. ஆனா அதை நீங்க சொல்லக்கூடாது."

போட்டோ எடுக்கத்தான் அவள் அன்று காரின் பின்சீட்டில் ஏறினாள். ஓட்டுகிற இடத்தில் ஒரு நர்ஸ். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு வேன் வந்து மோதியதிலிருந்து வண்டி எடுக்க முடியாமல் இருந்தவள். லைசன்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆகிறது, ஓட்டவும் தெரியும். சிக்னலில் நின்றால் மட்டும் பயம் பிடித்துக்கொள்ளும்.

"சார், பின்னாடி வர்றவன் இடிச்சிடுவான் போல இருக்கு."

"கண்ணாடியைப் பாருங்க. எவ்வளவு தூரத்துல இருக்கார்?"

"ரெண்டு வண்டி நீளம் தள்ளி."

"என்ன பண்ணிட்டு இருக்கார்?"

நர்ஸ் உற்றுப் பார்த்தாள். "கொட்டாவி விடறார்."

"உங்களை இடிச்சே தீரணும்னு கிளம்பி வந்தவர் மாதிரியா இருக்கு?"

நர்ஸ் சிரித்துவிட்டாள். சிக்னல் விழுந்ததும் வண்டி தானாகப் போவதுபோல் நகர்ந்தது. "நின்னா மட்டும் முன் வண்டியோட சக்கரம் ரோட்டைத் தொடற இடம் உங்களுக்குத் தெரியற அளவுக்கு இடம் விடுங்க" என்று கணவர் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். "பின்னாடி எவனாவது தப்பு பண்ணினாலும் ஒதுங்கறதுக்கு உங்களுக்கு ஒரு வழி இருக்கும். வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பயம் பாதி இறங்கிடும்."

பின்சீட்டில் இருந்தவள் போட்டோ எடுப்பதை மறந்துவிட்டாள். இத்தனை வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியும், இவர் காருக்குள் எப்படிப் பேசுவார் என்று அவள் கேட்டதில்லை. கிளாஸ் முடிந்து நர்ஸ் இறங்கியதும் அவளிடம் கேட்டாள்: "இந்தப் பயம் வந்தப்போ போன்ல ஏதாவது தேடிப் பார்த்தீங்களா?"

"தேடாம இருப்பேனா? 'ஆக்சிடென்ட் ஆனதுக்கு அப்புறம் வண்டி ஓட்ட பயம்'னு போட்டேன்."

"என்ன வந்தது?"

"மூச்சை இழுத்து விடுங்க, தண்ணி குடிங்க, தைரியமா இருங்கன்னு வந்தது. எல்லாப் பக்கத்துலேயும் அதேதான். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதின மாதிரி."

அவள் மேலே போய்த் தேடிப் பார்த்தாள். நர்ஸ் சொன்னது சரி. தினமும் எத்தனையோ பேர் இதைக் கேட்கிறார்கள். பதில் சொல்கிற இடத்தில் பயந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. "டிரைவிங் ஸ்கூல்" என்ற சொல்லுக்கு மஞ்சள் காரரோடு மல்லுக்கு நிற்பதை விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இந்தக் கேள்விக்குக் கணவரிடம் பதில் இருக்கிறது. அவருக்கு அது பதில் என்றுகூடத் தெரியாது, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஒத்துக்கொண்டவர்களின் கிளாஸில் மட்டும் அவள் பின்சீட்டில் உட்கார்ந்து, கணவர் பேசுவதைப் போனில் பதிவு செய்தாள். மேம்பாலம் ஏறப் பயப்படுகிறவர், லாரி பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர், வீட்டுக்காரர் கத்திக் கத்தியே பயந்துபோனவர் என்று ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பக்கம். தலைப்பு, அவர்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார்களோ அதே சொல். எழுதி முடித்ததும் கணவரிடம் படித்துக் காட்டுவாள். "நான் இப்படிச் சொல்லலையே" என்பார். மாற்றுவாள். "இது மழை பெய்யும்போது செல்லாது" என்பார். அதையும் சேர்ப்பாள்.

ஒருநாள் அவருக்கே சந்தேகம் வந்தது. "எல்லாத்தையும் இப்படி வெளியில சொல்லிட்டா, அப்புறம் என்கிட்ட எவன் வருவான்?"

"படிச்சே சரியாப் போறவங்க போகட்டும். மத்தவங்க யார்கிட்ட வருவாங்கன்னு நெனைக்கறீங்க? இதைச் சொன்னவர்கிட்டதானே?"

"நடக்குமா?"

"நடக்கும். நாளைக்கே நடக்காது, ஆனா நடக்கும்."

அவள் குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

முதலில் ஸ்கூல் வரைபடத்துக்குத் திரும்பி வந்தது. பொய்யாகச் சேர்ந்த கருத்துகள் போய்விட்டிருந்தன. உண்மையானவை கொஞ்சம்தான் என்றாலும் அப்படியே இருந்தன. நாத்தனார் அன்றிலிருந்து கிளாஸ் முடிந்து போகிறவர்களிடம், "உங்களுக்குத் தோணினதை எழுதுங்க, குறை இருந்தா அதையும் எழுதுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒருவர் உண்மையிலேயே குறை எழுதிவிட்டார், ஆபீஸ் அம்மா போனில் அதட்டுகிறார் என்று. அவள் அதை எடுக்கச் சொல்லவில்லை. "நன்றி, இனிமேல் மெதுவாகப் பேசுகிறேன்" என்று நாத்தனாரைக்கொண்டே பதில் எழுத வைத்தாள். எழுதி முடித்ததும் நாத்தனார் அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் சத்தமாகவே பேசினாள்.

அடுத்து, நர்ஸ் வேலை செய்கிற ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவு. விபத்தில் அடிபட்டுத் தேறி வருகிறவர்களுக்காக அவர்கள் தங்கள் தளத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். நர்ஸ் சொல்லி, அதில் கணவருடைய பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். யாரும் கேட்காமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல் வந்த இணைப்பு. ஊர் நம்புகிற ஒரு இடம், இந்த ஆளைப் போய்ப் பாருங்கள் என்று கைகாட்டியது போல. அவள் தொழிலில் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. பயத்தைப் பற்றித் தேடினால் கணவருடைய பக்கம் படிப்படியாக ஏறி, ஒருநாள் எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்கார்ந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு லாரி டிரைவர் வந்தார். பெரிய உருவம். ஆபீஸுக்குள் குனிந்து நுழைந்தார்.

"நான் லாரி ஓட்டறவன்ங்க."

"அப்போ உங்களுக்கு எதுக்குங்க டிரைவிங் ஸ்கூல்?" என்று கேட்டுவிட்டாள் நாத்தனார். மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் போனை நீட்டினார். நர்ஸின் கதையை வைத்து எழுதிய பக்கம் அதில் இருந்தது. அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்தவள் அதைப் பார்த்தாள்.

"இதுல பின்னாடி வர்ற வண்டின்னு போட்டிருக்கீங்க" என்றார் அவர். "எனக்கு எதிர்ல வர்ற வண்டிங்க."

மழையில் ஒரு கார் சறுக்கி அவர் பக்கத்துக்கு வந்துவிட்டிருக்கிறது. அவர் ஒடித்துத் திருப்பி, லாரியைப் பள்ளத்தில் இறக்கி நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் கை கொடுத்துப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு லாரியில் ஏறி உட்கார்ந்தால் எதிரே எந்த விளக்கைப் பார்த்தாலும் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார். வீட்டில்கூட உண்மையைச் சொல்லவில்லை.

கணவர் அவரைச் சின்னக் காரில் உட்கார வைத்தார். முதல் நாள் இன்ஜினைக்கூடப் போடவில்லை. சாலை ஓரத்தில் நிறுத்தி, எதிரே வருகிற வண்டிகளை இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு காலம் ஓட்டின எனக்கு நீங்க என்ன சொல்லித் தரப்போறீங்க?" என்றார் லாரி டிரைவர்.

"ஓட்டறதுக்கு ஒண்ணும் சொல்லித் தரப்போறதில்ல. பக்கத்துல உக்காந்திருக்கப் போறேன். அவ்வளவுதான்."

அப்படியேதான் நடந்தது. சந்து, பிறகு கடைத்தெரு, பிறகு இரண்டு பக்கமும் வண்டி வருகிற குறுகலான பாலம். பாலத்தில் முதல் தடவை நடுவிலேயே நின்றுவிட்டார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். "அடிக்கட்டும். ஹாரன் அடிச்சு யாரும் செத்ததில்ல" என்றார் கணவர். அடுத்த வாரம் அதே பாலத்தை அவர் பேசிக்கொண்டே கடந்தார். கடந்த பிறகுதான் பாலம் போய்விட்டது என்று அவருக்கே தெரிந்தது.

மிச்சம் இருந்தது லாரி. கணவரிடம் லாரி கிடையாது. பக்கத்து சீட்டில் பிரேக் வைத்த லாரி ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது, அது மஞ்சள் நிறத்தில் இருந்தது. கணவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரே போன் போட்டார். என்ன பேசினார்களோ தெரியாது, மறுநாள் காலையில் மஞ்சள் காரர் தானே லாரியை ஓட்டிக்கொண்டு வந்து சாவிக்கடை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார்.

லாரி டிரைவர் ஏறினார். கணவர் பக்கத்தில் ஏறினார். மஞ்சள் காரரும் அவளும் வாசலில் நின்றார்கள். லாரி கிளம்பி, முனையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு நிதானமாக வழிவிட்டுத் திரும்பி மறைந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை மஞ்சள் காரர் போகவில்லை. நாத்தனார் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, வண்டியின் முன்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு, "முதுகுவலி இல்ல, வேற விஷயம், வந்து சொல்றேன்" என்றார். கணவர் வேறு பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மஞ்சள் காரர் அவளிடம் சொன்னார்: "தங்கச்சி, நீ செஞ்சதைப் புது ஆளுங்க இன்னும் தொடக்கூட இல்ல. நான்தான் தொடக்கூடாதுன்னுட்டேன். இன்னும் முதல்லதான் நிக்குது."

"நிக்கும்னு சொன்னேனே அண்ணா."

"அன்னிக்கு நான் கேட்டது சரியில்ல." கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் சரிசெய்துகொண்டார். "என்கிட்டேயும் இந்த மாதிரி பயந்தவங்க வர்றாங்க. எங்க ஆளுங்களுக்குப் பொறுமை கிடையாது. இனிமே இங்க அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. வாயால அனுப்பறது போதாது. உங்க சைட்ல இருந்து எங்க பக்கத்துக்கு ஒரு இணைப்புக் கொடுங்க."

அவர் சிரித்த சிரிப்பில் சாவிக்கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். "போட்டிக்காரன்கிட்டேயே இணைப்பு கேக்கறியே."

"ஊர்ல முதல் இடத்துல இருக்கறவர்கிட்டதானே கேக்கணும்."

சொன்னபடி அந்த வாரமே கொடுத்துவிட்டார். "வண்டி ஓட்டப் பயப்படுகிறவர்கள் இவரிடம் போகலாம்" என்று ஒரு வரி, அதில் கணவர் ஸ்கூலின் பெயர். கணவர் அதை நாலைந்து தடவை திறந்து பார்த்தார்.

"அப்போ பதிலுக்கு நாமளும் அவனுக்கு ஒண்ணு கொடுக்கணுமா?"

"பதிலுக்குப் பதில்னு கொடுத்தா அதுக்கு மதிப்பு இல்லைங்க. லாரி கத்துக்கணும்னு யாராவது கேட்டா யார்கிட்ட அனுப்புவீங்க?"

"அவன்கிட்டதான். வேற யார் இருக்கா?"

"அதை அப்படியே எழுதிடறேன்."

கீழே நாத்தனார் குரல் கேட்டது, அடுத்த கிளாஸுக்கு ஆள் வந்து காத்திருப்பதாக. கணவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.